புது ஸ்டெம் வாங்கும் முன், இருக்கிற ஸ்டெம்மைத் திருப்பிப் போடுங்கள்

கேள்வி: நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைப்ரிட் சைக்கிளில் அலுவலகம் போய்வர தினமும் 30 கி.மீ. ஓட்டுகிறேன். அரை மணி நேரம் தாண்டியதும் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன, கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. ஹேண்டில்பாரைக் கழுத்துக்குழாயோடு இணைக்கும் துண்டான ஸ்டெம்மில் 100, 31.8, -6 என்று போட்டிருக்கிறது. 80 மி.மீ. ஸ்டெம் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? வீட்டில் அப்பாவின் பழைய கம்பி பிரேக் சைக்கிள் சும்மா நிற்கிறது. அதன் வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றி இதில் போட முடியுமா?

பதில்: கடைக்காரர் சொல்வது பாதி சரி. குட்டை ஸ்டெம் ஹேண்டில்பாரை உங்கள் பக்கம் கொண்டுவரும். ஆனால் அதே கோணத்தில் மாட்டினால் ஹேண்டில்பார் கொஞ்சம் கீழேயும் இறங்கிவிடும். இதைக் கடையில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

முதலில் அந்த எண்கள். 100 என்பது ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) மேலே நீளும் கழுத்துக்குழாய் நடுவிலிருந்து ஹேண்டில்பாரின் நடுவரை உள்ள நீளம், மில்லிமீட்டரில். 31.8 என்பது ஸ்டெம் கவ்விப் பிடிக்கும் இடத்தில் ஹேண்டில்பாரின் விட்டம். -6 என்பது ஸ்டெம்மின் சாய்வு. கழுத்துக்குழாய்க்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டால், அதற்கு 6 டிகிரி கீழே ஸ்டெம் இறங்குகிறது என்று பொருள். அதையே கழற்றித் தலைகீழாக மாட்டினால் +6 ஆகிவிடும். ஸ்டெம் மேல் இருக்கும் கம்பெனிப் பெயர் தலைகீழாகத் தெரியும், நஷ்டம் அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. ஹைப்ரிட் சைக்கிள்களில் கழுத்துக்குழாய் தரையோடு சுமார் 71 டிகிரி கோணத்தில் சாய்ந்திருக்கும். அப்படிப்பட்ட சைக்கிளில் உங்கள் 100 மி.மீ. ஸ்டெம்மைத் திருப்பிப் போட்டால் ஹேண்டில்பார் 20 மி.மீ. உயரும், 7 மி.மீ. பின்னால் வரும். கடைக்காரர் சொன்ன 80 மி.மீ. ஸ்டெம்மை -6 ஆகவே மாட்டினால் 19 மி.மீ. பின்னால் வரும், ஆனால் 4 மி.மீ. தாழும். அதே 80-ஐ +6 ஆக மாட்டினால் இப்போது இருப்பதைவிட 11 மி.மீ. உயர்வு, 25 மி.மீ. பின்னால். கழுத்து பிடிக்கிறது என்றால் உங்களுக்கு முதலில் வேண்டியது உயரம். அது காசில்லாமலே கிடைக்கிறது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் மரத்துப்போவது, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதியில் ஓடும் அல்னார் நரம்பு அழுந்துவதன் அடையாளம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், அதைத் தள்ளித் தடுப்பதே கைகளின் வேலையாகிவிடும். எந்த ஸ்டெம்மும் இதைச் சரிசெய்யாது. ஒரு நீளமான ஸ்கேலை சீட்டின் மேல் வைத்து, தரைக்கு மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது பிரேக் லீவர். படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிடிக்க மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். லீவரின் போல்ட்டைத் தளர்த்தி 30 முதல் 45 டிகிரிவரை கீழே சாயுங்கள். முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே நேர்க்கோடாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்து நாலைந்து நாள் ஓட்டிவிட்டுப் பிறகு ஸ்டெம்மில் கைவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. சைக்கிளை விட்டு இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் மரப்பு போகவில்லை, எதையாவது பிடிக்கும்போது கையில் பலம் குறைகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்டெம்மைத் திருப்ப 4 மி.மீ., 5 மி.மீ. ஆலன் சாவிகள், கொஞ்சம் கிரீஸ், ஒரு பழந்துணி போதும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் சாவி) இருந்தால் நல்லது. சைக்கிளைத் தொங்கவிடாதீர்கள், முன்சக்கரம் தரையில் ஊன்றியிருக்கட்டும். ஸ்டெம்தான் ஃபோர்க்கைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது கழன்றதும் ஃபோர்க் நழுவி, பேரிங் எல்லாம் வெளியே வரும்.

முன்பக்க மூடியின் நாலு போல்ட்டையும் கழற்றி, ஹேண்டில்பாரைக் கேபிள்களோடு அப்படியே துணி போட்ட ஃபிரேம்மீது சாய்த்துவிடுங்கள். ஸ்டெம்மின் தலையில் இருக்கும் வட்ட மூடியின் போல்ட்டை எடுங்கள். பின்பக்கம் குழாயைக் கவ்வும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி ஸ்டெம்மை மேலே உருவுங்கள். கழுத்துக்குழாயில் கோத்திருக்கும் வளையங்களை இருந்த வரிசையிலேயே வைத்து, ஸ்டெம்மைத் தலைகீழாக்கி இறக்குங்கள். இந்த இடத்தில் ஒரு நொடி நின்று பாருங்கள். கழுத்துக்குழாயின் விளிம்பு ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கு 2 அல்லது 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் வட்ட மூடி குழாயிலேயே முட்டி நின்றுவிடும், எவ்வளவு முறுக்கினாலும் கழுத்தில் ஆட்டம் போகாது. அப்படி இருந்தால் ஸ்டெம்மின் மேல் ஒரு மெல்லிய வளையத்தைச் சேருங்கள்.

வீட்டில் செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். வட்ட மூடியின் போல்ட் ஸ்டெம்மைப் பிடிப்பதற்காக இல்லை. கழுத்து பேரிங்குகளை அளவாக அழுத்துவதற்காக. ஆகவே பின்பக்க போல்ட்டுகள் தளர்வாக இருக்கும்போதே அதை முறுக்க வேண்டும். சாவியை இரண்டு விரலால் திருப்பி, லேசாகப் பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். கழுத்து பேரிங் உட்கார்ந்திருக்கும் கப்பின் இடைவெளியில் மற்றொரு கையின் விரலை வைத்தால் ஆட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் கால் சுற்று, மறுபடி சோதனை. அடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். ஹேண்டில் தானாகவே ஒரு பக்கம் சாய வேண்டும். எங்காவது சிக்கிச் சிக்கி நகர்ந்தால் அதிகமாக முறுக்கியிருக்கிறீர்கள். அதன் பிறகு ஸ்டெம்மைச் சக்கரத்தோடு நேராக்கி, பின்பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

ஹேண்டில்பாரை வைத்து முன்மூடியின் நாலு போல்ட்டையும் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிக் கையால் ஏற்றுங்கள். மூடிக்கும் ஸ்டெம்முக்கும் நடுவில் மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒட்டிக்கொண்டு கீழே வாய் பிளந்திருந்தால் போல்ட் வளைந்த நிலையில் பாரம் தாங்கும். ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போது சொல்லாமல் ஒடியும். குறுக்கு வரிசையில், கட்டிலுக்குக் கயிறு இழுப்பதுபோல் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெரும்பாலான ஸ்டெம்களுக்கு 5 நியூட்டன் மீட்டர். உங்கள் ஸ்டெம்மிலேயே எண் பொறித்திருந்தால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 10 செ.மீ. கைப்பிடி உள்ள ஆலன் சாவியின் நுனியை 5 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். 'இன்னும் கொஞ்சம்' என்ற ஆசைதான் அலுமினிய மரையை உரித்துவிடும். ஃபோர்க் குழாயோ ஹேண்டில்பாரோ கார்பனாக இருந்தால் கணிப்பு வேலை வேண்டாம். டார்க் ரெஞ்ச் கட்டாயம், கவ்வும் இடத்தில் கிரீஸுக்குப் பதில், வழுக்காமல் பிடிக்கவைக்கும் கார்பன் பேஸ்ட். கடைசியாக ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எந்தக் கேபிளும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. உயர்வுக்குப் பெரும்பாலும் கேபிள் நீளம் தாங்கும்.

இதற்கும் பிறகு கை எட்டாததுபோல் இருந்தால் 80 மி.மீ. ஸ்டெம் வாங்கலாம். ஆனால் 60-க்குப் போகாதீர்கள். மலைச் சைக்கிள்காரர்கள் 35, 50 என்று குட்டை ஸ்டெம் போடுவது, அவர்கள் ஃபிரேமே அதற்கென்று நீளமாகச் செய்யப்பட்டிருப்பதால். உங்கள் ஃபிரேமில் 60 போட்டால் ஹேண்டில் பதற்றமாகத் திரும்பும். கழுத்துக்குழாயின் மேல் மாட்டும் உயர்த்தும் துண்டு ஒன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. கார்பன் குழாயில் அதை ஒருபோதும் மாட்டாதீர்கள். உலோகத்தில்கூட எனக்கு அது உவப்பில்லை, நெம்புகோல் நீளம் கூடி, குழாய்மீது அழுத்தம் ஏறும்.

வாங்கும்போது குழாய்ப் பக்கம் 28.6, ஹேண்டில்பார் பக்கம் 31.8 என்று இரண்டும் பொருந்த வேண்டும். பழைய ஹேண்டில்பார்களில் 25.4-உம் உண்டு, 26.0-உம் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 26.0 ஸ்டெம்மில் 25.4 ஹேண்டில்பாரை மாட்டினால், போல்ட் என்ன இறுகினாலும் பள்ளத்தில் ஹேண்டில்பார் உருளும். வெர்னியர் (விட்டத்தை நுட்பமாக அளக்கும் கருவி) வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அப்பாவின் சைக்கிள் விஷயத்துக்கு வருவோம். கம்பி பிரேக் சைக்கிள்களில் ஹேண்டில்பாரும் கீழே இறங்கும் தண்டும் பொதுவாகச் சேர்த்துப் பற்றவைத்த ஒரே உருப்படி. தண்டு ஃபோர்க் குழாயின் உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் ஆப்பு விரிவதால் நிற்கிறது. உங்கள் ஸ்டெம்மோ குழாயை வெளியிலிருந்து கவ்வுவது. பிரேக் லீவரும் கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியை இழுக்கும் வகை. ஒன்றும் பொருந்தாது, அதை அதிலேயே விட்டுவிடுங்கள். (அந்தச் சைக்கிளின் ஹேண்டிலை உயர்த்த நினைத்தால், தண்டில் இருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும்வரை இழுக்காதீர்கள். கோடு இல்லையென்றால் 65 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும்.)

அந்த வளைவுதான் வேண்டும் என்றால், அதே வடிவில் தனி ஹேண்டில்பார் கிடைக்கும். கைப்பிடிப் பகுதி 22.2 மி.மீ. என்றால் உங்கள் இப்போதைய பிரேக் லீவரும் கியர் லீவரும் அதில் ஏறும். நடுவில் 25.4 ஆக இருந்தால் 31.8-க்கு அலுமினிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் வளையம்) வாங்கிப் போடுங்கள், தகர டப்பாவை வெட்டிச் சுற்றாதீர்கள். ஆனால் அந்த வடிவம் கைகளை 10 செ.மீ.க்கும் மேல் பின்னால் கொண்டுவந்துவிடும். அதற்கு உங்கள் 100 மி.மீ. ஸ்டெம்தான் சரி, 80 போட்டால் திருப்பும்போது ஹேண்டில் நுனி முழங்காலில் இடிக்கும்.