தாடை வீங்கிய செம்மறிகள்

கேள்வி: குளிர்காலத்திலும் செம்மறிகளை மேய்ச்சலுக்கு விடுகிறேன். இரண்டு ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே தொளதொளவென்று வீக்கம். அல்பெண்டசோல் என்ற புழுநீக்க மருந்து கொடுத்தும் குறையவில்லை. குளிர்தான் காரணமா, டாக்டர்?

பதில்: குளிர்மேல் பழி போடாதீர்கள். ரத்தத்தில் புரதம் குறைந்தால் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு அல்லது கல்லீரல் தட்டைப்புழு. குளிர்காலத்தில் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். அது ஈரநிலத்து நத்தைக்குள் வளர்ந்து, பிறகு புல்லில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும்.

அல்பெண்டசோல் முதிர்ந்த தட்டைப்புழுவைத்தான் கொல்லும். கல்லீரலைத் துளைத்துத் திரியும் இளம்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்கு டிரைக்ளபெண்டசோல் வேண்டும். (சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோலே கூடாது, குட்டி ஊனமாகலாம்.) புழுக்கைப் பரிசோதனையில் முட்டை இல்லை என்றாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். தொற்றி 10 வாரமாவது ஆகாமல் முட்டை தெரியாது.

ஆட்டை நிறுத்துப் பார்த்துத்தான் மருந்து அளந்தீர்களா? கண் மதிப்பில் ஊற்றினால் அளவு குறையும், புழுவுக்கு எதிர்ப்புச் சக்தி வரும். மெலிவையும் கண்ணால் பார்க்காதீர்கள், ரோமம் மறைத்துவிடும். இடுப்பில் விரல் வைத்து முதுகெலும்பு குத்துகிறதா என்று தடவிப் பாருங்கள். இமை வெளுத்த ஆடுகளை வெகுதூரம் நடக்கவிடாமல் தொழுவத்திலேயே உலர்தீவனமும் புண்ணாக்கும் கொடுங்கள். சொதசொதப்பான இடங்களுக்கு உடனே வேலி போடுங்கள்.