சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்

கேள்வி: "நான் ஒரு கிறிஸ்தவன். உண்மையைச் சொன்னால் உறவு முறிகிறது, சொல்லாமல் இருந்தால் மனசாட்சி குத்துகிறது. அன்றாட வாழ்க்கையில் உண்மையை அன்போடு பேசுவது எப்படி?"

இதைப் படித்ததும் எனக்கு என் தம்பியின் ஞாபகம்தான் வந்தது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் அவன் தொழிலுக்காகக் கடன் வாங்கினான். அதை அடைக்க இன்னொன்று, அதையும் அடைக்க வேறொன்று. மனைவிக்குத் தெரியாது. எனக்கு வேறொருவர் மூலம் தெரியவந்தது. குடும்பத்தார் எல்லாரும் கூடியிருந்த ஒரு நாளில் அவன் புதிதாக ஏதோ ஒரு திட்டத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "இருக்கிற கடனை முதல்ல சொல்லு. எத்தனை நாளைக்கு எல்லாரையும் ஏமாத்துவே?" என்று கேட்டுவிட்டேன். அவன் மனைவியும் மாமனாரும் அங்கேதான் இருந்தார்கள். அவன் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதைச் சத்தமே வராமல் மேசைமேல் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதன்பின் 14 மாதம் என்னோடு பேசவில்லை.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த 14 மாதமும் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபத்தில்கூட, "ஆண்டவரே, நான் உண்மையைத்தானே சொன்னேன்" என்றுதான் ஆரம்பிப்பேன். எங்கள் சபை மூப்பர் ஒருவருக்கு விஷயம் தெரியும். ஒரு நாள் ஆராதனை முடிந்து நாங்கள் இருவரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீங்க சொன்னது உண்மைதான். அந்தப் பாரத்துல ஒரு பங்கை நாமளும் தூக்கலாம்னு நினைச்சுத்தான் சொன்னீங்களா?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில் முழுக்க அவர் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. அன்போடு சொல்வது என்றால் குரலைத் தாழ்த்திச் சொல்வது என்று பலரும் நினைக்கிறோம். குரலைத் தாழ்த்தியே ஒரு மனிதனை நொறுக்கிவிடலாம். அதையும் நான் பார்த்திருக்கிறேன். சொன்ன பிறகு இவரோடு கூட இருக்க நான் தயாரா? வாயைத் திறப்பதற்கு முன் இப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்வது இதுதான். தயாரில்லை என்றால், சொல்லப் போவது உண்மையாகவே இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டியவன் நான்தானா என்று இன்னொரு முறை யோசிக்கிறேன்.

எபேசியர் 4:15 நம் எல்லாருக்கும் மனப்பாடம். பழைய தமிழ் வேதாகமத்தில் அது எப்படி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? "அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு" என்று வருகிறது. 'பேசி' என்று இல்லை, 'கைக்கொண்டு'. மூலத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல் 'அலேதெயுவோ'. உண்மை பேசுவது, உண்மையாய் நடப்பது இரண்டுக்குமே அதில் இடம் உண்டு. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த வினை இரண்டே இடங்களில்தான் வருகிறது. இன்னொன்று கலாத்தியர் 4:16: "நான் உங்களுக்குச் சத்தியத்தைச் சொன்னதினாலே உங்களுக்குச் சத்துருவானேனோ?" உண்மையைச் சொல்லி உறவு கசந்துபோனது, கலாத்தியருக்கு இந்த நிருபத்தை எழுதிய பவுலுக்கும் நடந்திருக்கிறது. ஆனால் அவர் அதோடு விட்டுவிட்டுப் போகவில்லை. மூன்று வசனம் தள்ளி, அதே ஆட்களை "என் சிறு பிள்ளைகளே" என்று கூப்பிட்டு, உங்களுக்காக மறுபடியும் கர்ப்பவேதனைப்படுகிறேன் என்கிறார். அடுத்த வசனத்தில், நேரில் வந்திருந்து வேறுவகையாகப் பேச ஆசையாயிருக்கிறது என்கிறார். நள்ளிரவில் நீளமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி தட்டி அனுப்பிவிட்டு, "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்" என்று போனை அணைத்துவிட்டுப் படுக்கிற நமக்கு அந்த வசனம் அவசியம் வேண்டும்.

அதே கலாத்தியர் நிருபத்தில் 6:1-ல், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று வருகிறது. அதற்கு மூலத்தில் உள்ள வினைதான், மாற்கு 1:19-ல் யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற இடத்திலும் வருகிறது. கிழிந்த வலையைக் கரையில் நின்று சுட்டிக்காட்டினால் அது சரியாகிவிடாது. மடியில் போட்டுக்கொண்டு, கிழிசலைத் தேடிப் பிடித்து, கண்ணி கண்ணியாகப் பின்ன வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. அடுத்த வசனமே ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. மூப்பர் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. ஆனால் அவர் என்னிடம் கேட்டது அதைத்தான் என்று வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தபோது புரிந்தது.

அப்புறம் தம்பியைத் தேடிப் போனேன். "நான் சொன்னது தப்பில்லைடா, சொன்ன விதம்தான் தப்பு" என்று ஆரம்பித்தேன். அவன் முகம் அப்படியே மூடிக்கொண்டது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: இது மன்னிப்பே இல்லை, இன்னொரு முறை குற்றம் சாட்டுகிறேன். விதம் மட்டும் தப்பில்லை. அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டபோது எனக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. ஜெயித்த சந்தோஷம். அன்பு அநியாயத்தில் சந்தோஷப்படாது என்று 1 கொரிந்தியர் 13-ல் இருக்கிறது. நானோ என் தம்பியின் வீழ்ச்சியில் சந்தோஷப்பட்டிருந்தேன். அதை அப்படியே சொன்னேன். "உன்னை எல்லார் முன்னாலயும் தலைகுனிய வச்சப்போ எனக்கு உள்ளுக்குள்ள நல்லா இருந்துச்சு. அதுக்காக என்னை மன்னிச்சிடு." அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். யார் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி என்று பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தான். சில பக்கங்கள் அழித்து அழித்தே கிழிந்திருந்தன. அந்த நோட்டோடு நாங்கள் பல வாரம் உட்கார்ந்தோம். மனைவியிடம் அவனே சொன்னான். அவன் சொல்லும்போது நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், அவன் கேட்டுக்கொண்டதால்.

தாவீது ராஜாவின் பாவத்தை அவர் முகத்துக்கு நேரே சொன்ன தீர்க்கதரிசி நாத்தானைப் பற்றிப் பிரசங்கங்களில், 2 சாமுவேல் 12-ல் வரும் "நீயே அந்த மனுஷன்" என்ற இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியமாகப் படுகிறது. அதே அதிகாரத்தில், சாலொமோன் பிறந்தபோது கர்த்தர் அந்தப் பிள்ளையை நேசிக்கிறார் என்று, யெதிதியா என்ற பெயரைக் கொண்டுவருவதும் நாத்தான்தான். தாவீது கிழவனாகிப் படுத்த காலத்தில், 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில், ராஜாவிடம் போய் நிலைமையைச் சொல்வதும் அவரே. 1 நாளாகமம் 3:5-ஐப் பாருங்கள்: தாவீதுக்கும் பத்சேபாளுக்கும் பிறந்த ஒரு பிள்ளைக்கு நாத்தான் என்று பெயர். தீர்க்கதரிசியின் நினைவாக வைத்ததாக வேதம் சொல்லவில்லை. ஆனால் தன் பாவத்தை முகத்துக்கு நேரே சொன்னவருடைய பெயரைத் தன் வீட்டில் தினம் கூப்பிடுவது தாவீதுக்குக் கசக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

சொல்லாமல் இருப்பதையும் அன்பு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர் குடிக்க ஆரம்பித்தது எங்களில் பலருக்கும் தெரியும். அவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எங்களுக்குள் பேசிக்கொண்டோம், அதுவும் ஜெபக்குறிப்பாக. "அவருக்காக ஜெபம் பண்ணுங்க, என்னன்னா..." என்று ஆரம்பித்தால் அந்த 'என்னன்னா'வுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் ஜெபம் இல்லை. மத்தேயு 18:15 முதல் படியாகச் சொல்வது, "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று. நாங்கள் தலைகீழாகச் செய்தோம்; ஊருக்கெல்லாம் முதலில், அவருக்குக் கடைசியில். அந்தக் கடைசியும் வரவே இல்லை, அவர் குழுவை விட்டே நின்றுவிட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தத் 'தனித்திருக்கையில்' என்பது, ஒருவர் இன்னொருவரை அடிக்கிறார், ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார் என்கிற இடத்துக்குப் பொருந்தாது. அங்கே தனியாகப் போய் இதமாகப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றக்கூடியவர்களிடம், காவல்துறை உட்பட, உடனே சொல்லுங்கள். "சபையின் சாட்சி கெட்டுவிடும்" என்று அதை மூடிவைப்பதில் அன்பும் இல்லை, சத்தியமும் இல்லை.

நீங்கள் அன்றாட வாழ்க்கையைப் பற்றித்தானே கேட்டீர்கள். பெரும்பாலான நாட்களில் நமக்கு நாத்தான் வேலை வராது. சின்ன விஷயங்கள்தான் வரும். போன் அடித்தால் பிள்ளையிடம் "அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லு" என்பது. முடிக்காத வேலையை "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு சார்" என்பது. எபேசியர் 4:25 "பொய்யைக் களைந்து" என்று சொல்வதை நான் முதலில் இங்கேதான் பொருத்திப் பார்க்கிறேன். "இன்னும் பாதி பாக்கி, நாளை மறுநாள் மதியம் தருகிறேன்" என்று சொல்லிப் பழகியவன் என்றைக்காவது பெரிய உண்மை ஒன்றைச் சொன்னால் கேட்பவர்கள் நம்புவார்கள்.

வீட்டுச் சண்டைகளில் நான் அடியோடு விட்டுவிட முயலும் வார்த்தைகள் "எப்பவுமே", "ஒருநாளாவது". "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பது கடுமையான உண்மை போலத் தெரியும். உண்மையில் அது பொய். எப்போதுமே அப்படி யாரும் இருப்பதில்லை. "நேற்று நான் பேசும்போது நீ எழுந்து போனாய், எனக்குக் கஷ்டமாக இருந்தது" என்பது உண்மை. அதற்குப் பதில் சொல்ல எதிரில் இருப்பவருக்கு இடமும் இருக்கிறது. இன்னொன்று, "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்று ஆரம்பித்து ஒருவரைக் கண்டிப்பது. எதிரில் இருப்பவர் இனி உங்களோடு வாதாட முடியாது, தேவனோடுதான் வாதாட வேண்டும். நீங்கள் பார்த்ததை நீங்கள் பார்த்ததாகவே சொல்லுங்கள். தப்பாகப் பார்த்திருந்தால் அவர் திருத்தட்டும்.

இவ்வளவு செய்தும் உறவு முறியலாம். மாற்கு 10:21-ல் அந்த ஐசுவரியவானை இயேசு பார்த்தார், அவனிடத்தில் அன்புகூர்ந்தார், அப்புறம்தான் "உன்னிடத்தில் ஒரு குறைவு உண்டு" என்று, இருப்பதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அன்பில் அங்கே ஒரு குறையும் இல்லை. இருந்தும் அவன் துக்கத்தோடு போய்விட்டான். அவர் பின்னாலேயே ஓடி நிபந்தனையைக் குறைக்கவும் இல்லை, போகிறவனைத் திட்டவும் இல்லை. அதனால் உங்கள் உறவு ஒன்று முறிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து, நீங்கள் அன்பில்லாமல் பேசிவிட்டீர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சில மாதங்களுக்கு முன் தம்பி போன் செய்தான். "அண்ணா, தனியா இருக்கீங்களா? ஒரு விஷயம் சொல்லணும். போன்ல வேண்டாம், நேர்ல வர்றேன்" என்றான். வந்தான். நான் என் மகளிடம் பேசுகிற விதத்தைப் பற்றிச் சொன்னான். "சபையில பேசுற குரல் வேற, அவகிட்ட பேசுற குரல் வேறயா இருக்குண்ணா. அவ உங்களைக் கண்டு பயப்படுறா." நான் மறுக்க வாய் திறந்தேன், மறுக்க முடியவில்லை. அவன் கிளம்பவில்லை. சாயங்காலம் மகள் வரும்வரை இருந்தான். அவள் வந்ததும் நான் அவளோடு பேசப் போனேன். வெளியே திண்ணையில் அவன் உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.