நர்ஸக்கா பதில்கள்: இந்த முறை தலைப்பிரசவம் மட்டும்

கேள்வி: அக்கா, தலைப்பிரசவம் முடிந்து நாற்பது நாள் தாண்டிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு வலி பிடித்து, மறுநாள் சாயந்தரம்தான் பிள்ளை பிறந்தது. விடிகாலையில் பார்த்துவிட்டு 'ரெண்டு விரல்தான் திறந்திருக்கு' என்றார்கள், அப்போதே எனக்கு உயிர் போய்விட்டது. கத்தினேன். 'ஊரில் இல்லாத பிள்ளையையா நீ பெறப் போற, வாயை மூடு' என்று ஏசினார்கள். அம்மையை உள்ளே விடவில்லை. முக்கும்போது மலம் வந்துவிட்டது, நினைத்தால் இன்னும் கூசுகிறது. பிள்ளையை நெஞ்சில் போட்டபோது சந்தோஷம்கூட வரவில்லை, தூக்கம்தான் வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் 'சுகப்பிரசவம்தானே, கொடுத்து வைத்தவள்' என்கிறார்கள். ராத்திரி கண்ணை மூடினால் அந்த அறைதான் வருகிறது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?
(பெயர் வேண்டாம், சேரன்மகாதேவி வட்டாரம்)

பதில்: உனக்கு மட்டும் இல்லை, தாயீ. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா ஆஸ்பத்திரியிலும் பிரசவம் பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். தலைப்பிரசவத்துக்கு வருகிற பிள்ளைகள் வளைகாப்புக் கண்ணாடி வளையல் குலுங்கத்தான் வருவார்கள், கையில் ஊசி ஏற்ற வேண்டும், கழற்று என்றால் அதற்கே கண் கலங்கும், கழற்றாமல் விட்ட கையில் வலி வந்து கட்டில் கம்பியை எட்டிப் பிடிக்கும்போது வளையல் உடைந்து சில்லு தெறிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் பெற்றவளையும் பார்த்திருக்கிறேன். அம்மையைக் கூப்பிட்டு, புருஷனை ஏசி, காந்திமதி அம்மனையும் வம்புக்கு இழுத்து ஊரைக் கூட்டியவளையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் பிள்ளை ஒரே வழியில்தான் வந்தது. கத்தினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் முக்குகிற நேரத்தில் மட்டும் மூச்சைக் கத்தலில் விடாமல் கீழே கொடுத்தால் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான் விஷயம். அதை ஏசாமலும் சொல்லலாம்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். ராத்திரி பத்திலிருந்து மறுநாள் சாயந்தரம் என்பது தலைப்பிரசவத்துக்கு ஒன்றும் அதிகம் இல்லை. கர்ப்பப்பை வாய் முதலில் மெலிந்து, இளகி, அப்புறம்தான் திறக்கவே ஆரம்பிக்கும். 5 சென்டிமீட்டர் வரை போவதற்கு ஒருத்திக்கு அரை நாள், ஒருத்திக்கு ஒரு நாளுக்கு மேல், அதற்கு யாரும் கெடு வைப்பதில்லை. அதற்குப் பிறகு முழுசாய் 10 சென்டிமீட்டர் திறக்கத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரைக்கும், முக்கிப் பெறுவதற்கு 3 மணி நேரம் வரைக்கும் போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. மணிக்கு 1 சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவசரப்படக் கூடாது என்றும் அதில் சொல்லிவிட்டார்கள். ஒன்பது மாதச் செக்கப்பில் யாராவது உன்னை உட்காரவைத்து இதைச் சொல்லியிருந்தால் 'ரெண்டு விரல்' என்று கேட்டதும் உயிர் போயிருக்காது, சரி, இன்னும் நேரம் இருக்கிறது என்று நாலு வாய் இட்லி தின்றுவிட்டு ஒருக்களித்துப் படுத்திருப்பாய். சிக்கல் எதுவும் இல்லாதவள் அந்த நேரத்தில் லேசாகச் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம், எழுந்து நடக்கலாம். மல்லாக்கப் படுத்தே கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மலம் வந்ததை நினைத்துக் கூசுகிறாயே, மலக்குடல் பின்னால் ஒட்டியேதான் இருக்கிறது, பிள்ளையின் தலை அதை அமுக்கிக்கொண்டுதான் இறங்கும். சரியாக முக்குகிறாள் என்பதற்கு எங்களுக்கு அதுவே அடையாளம். துணியை எடுத்துத் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அன்றைக்குச் சாயந்தரம் வரைக்கும் அதை ஞாபகம் வைத்திருந்த நர்ஸ் யாரையும் எனக்குத் தெரியாது.

ஏசியது தப்பு. ஒரே ராத்திரியில் நாலு பேர் வலியோடு கிடக்க இரண்டு பேர் ஓடியாடிப் பார்க்கிற கஷ்டம் எனக்குத் தெரியும், அந்த ஓட்டத்தில் குரல் உயரும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'வாயை மூடு' வேலைப்பளுவில் வருகிற சொல் இல்லை, இவளைச் சொல்லலாம், கேட்க ஆள் இல்லை என்ற தைரியத்தில் வருவது. அதனால்தான் கூட ஆள் வேண்டும் என்று மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் கூட இருக்கலாம் என்பது தமிழ்நாட்டில் எப்போதோ வந்துவிட்ட ஏற்பாடு. அம்மை, மதினி, சித்தி யாராக இருந்தாலும் சரி, தானே ஒரு பிள்ளை பெற்றவளாக இருந்தால் நல்லது. இடுப்பை நீவிவிட, தண்ணீர் கொடுக்க, 'இப்போ என்ன சிஸ்டர் ஆகுது' என்று ஒரு வார்த்தை கேட்க ஒருத்தி பக்கத்தில் இருந்தால் வலி நேரமே குறைகிறது, ஆப்பரேஷனும் குறைகிறது. இது ஆய்வு செய்து பார்த்தே சொன்னது, என் கற்பனை இல்லை. அட்மிஷன் போடும்போதே 'கூட இருக்கப் போவது இவங்க' என்று பெயரைச் சொல்லிவிட வேண்டும், அறைக் கதவைச் சாத்திய பிறகு வெளியே நின்று கெஞ்சினால் நடக்காது. இது உனக்கு இனிமேல்தான் உதவும், ஆனால் படிக்கிற மற்றவர்களுக்கு இப்போதே உதவும்.

பிள்ளையைப் பார்த்ததும் பாசம் பொங்கவில்லையே என்கிறாய். ராத்திரி முழுக்கத் தூங்காமல், ரத்தம் போய், தையலும் போட்டுக் கிடக்கிறவளுக்குத் தூக்கம்தான் வரும். பாசம் பால் கொடுத்துக் கொடுத்து, குண்டி கழுவிக் கழுவி வருவது, பலருக்கு வாரக்கணக்கில் ஆகும். மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவதும் நிறையப் பேருக்கு உண்டு, இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் உனக்கு நாற்பது நாளைக்குப் பிறகும் கண்ணை மூடினால் அந்த அறை வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் 'போகப் போகச் சரியாகும்' என்று விடாதே. பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகிற அன்றைக்கே டாக்டரிடம் உனக்காகவும் ஒரு ஐந்து நிமிஷம் பேசு. போகக் கூச்சமாக இருந்தால் 14416க்கு ஃபோன் போடு, மனநல ஆலோசனைக்கென்றே அரசு வைத்திருக்கிற எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது. இந்தப் பிள்ளை வேண்டாம், நான் இருந்து என்ன என்கிற மாதிரி யோசனை ஒருதடவை வந்தால்கூட அன்றைக்கே வீட்டில் ஒருத்தரிடம் சொல்லிவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். ஒன்பதாம் மாதம். தினமும் சாயந்தரம் வலிக்கிறது, அம்மா சீரகத் தண்ணீர் தருகிறாள், நின்றுவிடுகிறது. சூட்டு வலி எது, நிஜ வலி எது?
(வாசகி, முக்கூடல்)

பதில்: சீரகத் தண்ணீர் தாராளமாகக் குடி. சூடாக ஏதாவது குடித்து, கொஞ்சம் நடந்து, படுத்து எழுந்தால் அடங்குகிற வலி சூட்டு வலி. நிஜ வலிக்குச் சீரகமும் தெரியாது, எதுவும் தெரியாது. அது நடுமுதுகுக்குக் கீழே இடுப்பில் ஆரம்பித்து முன்பக்கம் அடிவயிற்றுக்கு வரும், வயிறு கல் மாதிரி இறுகும், விடும், மறுபடி இறுகும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். செல்ஃபோனில் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள். 5 நிமிஷத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் முக்கால் நிமிஷம் ஒரு நிமிஷம் நிற்கிறது, ஒரு மணி நேரமாக இப்படியே என்றால் கிளம்பு. முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கும் முன்னாலேயே கிளம்பு. ரத்தம் கலந்த சளி மாதிரி கொஞ்சம் படுவது வாய் இளகுகிறது என்று அர்த்தம், வலி அன்றைக்கும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம், பதற வேண்டாம்.

வலியே இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டிய நேரம் உண்டு. பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனால் (நிறத்தைப் பார்த்துவை, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் போனதும் முதலில் அதைச் சொல்), ரத்தம் தீட்டு மாதிரிப் போனால், பிள்ளை துடிப்பு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால். 108ஐக் கூப்பிடு, பஸ்ஸுக்கு நிற்காதே. விளக்கெண்ணெய் குடித்தால் வலி வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, வயிற்றால் போய் நீர்ச்சத்து வற்றி, பெறுவதற்குத் தெம்பில்லாமல் கிடப்பாய். அப்புறம், பீடிக்கு ஒரே இடத்தில் காலை மடக்கி உட்காருகிறாய் அல்லவா, இடையிடையே எழுந்து நட. புகையிலைத் தூளை விட்டு இந்தக் கடைசி மாதத்திலாவது தள்ளி இருக்க முடிந்தால் இரு, கூலி போகிறதே என்பது எனக்கும் தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி: பேத்திக்குத் தலைப்பேறு. பிள்ளை பிறந்ததும் நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரியில் கூடாது என்கிறார்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தானே வளர்ந்தோம்?
(ஒரு ஆச்சி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: ஆச்சி, வளர்ந்தவர்கள்தான் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம், தங்காமல் போன பிள்ளைகள் உங்கள் காலத்தில் வீட்டுக்கு ஒன்றாவது இருந்தது உங்களுக்குத் தெரியாதா? சீனித்தண்ணி வேண்டாம், தேன் ஒரு வயது வரைக்கும் வேண்டவே வேண்டாம், கழுதைப்பாலும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அந்தப் பிள்ளை வயிற்றுக்கு அதுவே காணும். 6 மாதம் வரை வேறு எதுவும் தேவையில்லை, தண்ணீர்கூட. பேத்திக்குத் தண்ணீரை மட்டும் மறைத்து வைக்காதீர்கள், பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், அவள் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. சுக்கும் கருப்பட்டியும் சேர்த்து நீங்கள் இடிக்கிற பேறுகால மருந்து அளவாக இருக்கட்டும், பூண்டும் இருக்கட்டும். சுறாப்புட்டு மட்டும் தினமும் வேண்டாம், பெரிய மீனில் பாதரசம் சேரும். அதற்குச் சாளை எவ்வளவோ மேல், விலையும் குறைவு.

கேள்வி: டாக்டர் சொன்ன தேதி தாண்டி நாலு நாள் ஆயிற்று. தெருவில் போகிறவர்கள் எல்லாம் 'இன்னும் பெறலையா' என்கிறார்கள்.
(வாசகி, களக்காடு)

பதில்: கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிப் போட்ட தேதி அது. சரியாக அன்றைக்கே பெறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். 41 வாரம் முடியும்வரை செக்கப்புக்கு ஒழுங்காகப் போ, அதைத் தாண்டினால் வலி வரவைக்க மருந்து கொடுப்பார்கள். பிள்ளை துடிப்பைக் கவனி. தெருவில் கேட்கிறவர்களிடம் 'பெத்தாச்சு, காலேஜ் படிக்கான்' என்று சொல்.

கேள்வி: பதினெட்டு மணி நேரம் வலி தாங்கிவிட்டுக் கடைசியில் ஆப்பரேஷன் ஆகிவிட்டது. அத்தை 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வலி தாங்க முடியாது' என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்கள்.
(வாசகி, மேலப்பாளையம்)

பதில்: வலியையும் தாங்கி வயிற்றையும் கீறிக்கொண்டவளைப் பார்த்து இப்படிச் சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும். பிள்ளையின் தலை திரும்பி நின்றால், நாடித்துடிப்பு இறங்கினால், வாய் ஓரளவு திறந்து அதோடு நின்றுவிட்டால், கத்தி எடுக்காமல் வழியில்லை. நம் மாநிலத்தில் ஆப்பரேஷன் ரொம்ப அதிகம் என்பதும் உண்மைதான், 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்குக் கிட்டத்தட்ட 45 ஆப்பரேஷன், நாடு முழுக்கப் பார்த்தால் 21 சொச்சம். ஆனால் அது ஆஸ்பத்திரிகளிடம் கேட்க வேண்டிய கணக்கு, மருமகளிடம் இல்லை. என்ன காரணத்துக்காக ஆப்பரேஷன் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும், அதை வீட்டுக்காரரை விட்டே அத்தையிடம் வாசித்துக் காட்டச் சொல். அந்தச் சீட்டை அடுத்த பிரசவம்வரை பத்திரமாக வை, சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாமா என்று டாக்டர் முடிவு செய்ய அதுதான் முதலில் வேண்டும்.

கேள்வி: நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். மனைவி வள்ளியூரில் தாய்வீட்டில். அடுத்த மாதம் தேதி. நான் என்ன செய்ய வேண்டும்?
(வாசகர்)

பதில்: கேட்டதற்கே சந்தோஷம், தம்பி. முடிந்தால் தேதிக்கு ஒரு வாரம் முன்பே லீவு போடுங்கள். பையில் இருக்க வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேனும், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்). அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கிடைக்கிற 18,000 ரூபாய் உதவிக்கும் அலைய வேண்டும் (அதில் ஒரு பகுதி சத்துப் பொருளாக வரும்). நன்றாகத் துவைத்துக் காய வைத்த பழைய வேட்டி நாலைந்து, முன்பக்கம் திறக்கிற நைட்டி, பெரிய அளவு நாப்கின். மனைவிக்கு நெகட்டிவ் குரூப் என்றால் அதே குரூப்பில் ரத்தம் கொடுக்க இரண்டு பேரை இப்போதே சொல்லிவையுங்கள். பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் 72 மணி நேரத்துக்குள் அவளுக்கு ஒரு ஊசி போட வேண்டும், அதை நீங்கள்தான் ஞாபகப்படுத்திக் கேட்க வேண்டும், அவள் அப்போது இருக்கிற நிலையில் கேட்க மாட்டாள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், அப்பா அம்மா பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் நின்று பாருங்கள். பிள்ளை பெயரை அப்போதே கொடுக்க வேண்டும் என்று இல்லை, ஒரு வருஷம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், இரண்டு வீட்டுக்காரர்களும் குலசாமி பெயருக்குச் சண்டை போட அது போதும்.