ஒரே இடத்தில் ஒரே வைரஸ் எச்சம்: தற்செயலாக இருக்கலாமா?

மனிதனும் சிம்பன்சியும் ஒரே மூதாதையிலிருந்து வந்ததற்குச் சான்றாக, இரண்டின் டிஎன்ஏவிலும் ஒரே இடத்தில் பழைய வைரஸ் எச்சங்கள் இருக்கின்றன என்று நீங்கள் சொன்னதற்கு, "வைரஸுக்குப் பிடித்த இடம் அது, இரண்டையும் தனித்தனியாகத் தொற்றியிருக்கும்" என்று நண்பர் மடக்கிவிட்டார், என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் சொல்வதில் பாதி சரி. தொற்றிய உயிரின் டிஎன்ஏவுக்குள் தன் நகலை நுழைத்துவிடும் வைரஸ்களான ரெட்ரோவைரஸ்களுக்குப் பிடித்த பகுதிகள் உண்டு. ஆனால் அவை பரந்த பகுதிகள். நம் டிஎன்ஏவின் சுமார் 300 கோடி எழுத்துகளில் குறிப்பிட்ட ஓர் எழுத்தின் பக்கத்தில்தான் நுழைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் டிஎன்ஏவில் ஏறக்குறைய 8 சதவீதம் இந்த எச்சங்கள்தான். அவற்றில் பெரும்பாலானவை சிம்பன்சியிலும் அதே இடத்தில் இருக்கின்றன.

தனித்தனித் தொற்றுக்கு நல்ல உதாரணமே இருக்கிறது, அவரிடம் சொல்லுங்கள். பிடிஇஆர்வி1 என்ற வைரஸ் சிம்பன்சியிலும் கொரில்லாவிலும் உண்டு, மனிதனில் இல்லை. அந்த இரண்டு குரங்குகளிலும் அது உட்கார்ந்திருக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே வேறு வேறு!

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த சான்று இது. வைரஸ் நுழையும்போது அதன் இரு முனைத் தொடர்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். நுழைந்த பிறகுதான் ஒவ்வொரு முனையிலும் பிறழ்வுகள், அதாவது எழுத்து மாற்றங்கள், தனியாகச் சேரும். பகிர்ந்த பழைய எச்சங்களில், மனிதனின் இடது முனை பொதுவாகத் தன் வலது முனையைவிடச் சிம்பன்சியின் இடது முனையோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது. இரண்டு இனங்களும் பிரிவதற்கு முன்பே, பொது மூதாதையிடம் வைரஸ் நுழைந்திருந்தால் மட்டுமே இப்படி வரும். "பிடித்த இடம்" என்ற வாதத்தால் இதை விளக்கவே முடியாது. அடுத்த முறை இதிலிருந்தே தொடங்குங்கள்.