சீனி வாங்குபவரின் பற்றுச்சீட்டு

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். மாதந்தோறும் என் சம்பளத்தில் வருமான வரி கழிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சானுக்கு, அவர் செலுத்திய வரியில் சுகாதாரத்துக்கு எவ்வளவு, கல்விக்கு எவ்வளவு, கடன் வட்டிக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் விபரம் ஆண்டுதோறும் கிடைக்கிறது. இங்கே வரி கட்டுகிற ஒரு சிலரின் பணத்தில்தான் முழு நாடும் ஓடுகிறது. அந்தச் சிலருக்காவது இப்படி ஒரு பற்றுச்சீட்டு தரக்கூடாதா? வருமான வரி செலுத்துவோருக்கு இதைத் தரும்படி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். தாளாகக் கேட்பதா, கைபேசிச் செயலியாகக் கேட்பதா? நீங்கள் கையொப்பமிடுவீர்களா?

க., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

தாளா, செயலியா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அச்சுச் செலவு கூடும் என்று யாராவது சொன்னால் அதற்கும் பதில் சொல்லி நேரம் போக்க வேண்டாம். சம்பளத்திலிருந்து காசு கழிக்கப்படும் ஓர் இளைஞர், அது எங்கே போகிறது என்று கேட்டு மனு எழுதுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனால் ‘வரி கட்டுகிற ஒரு சிலர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது.

திருக்கடலூரில் விடியற்காலையில் அப்பம் சுட்டு, தேநீரும் விற்கும் ஓர் அக்காவிடம் நான் பல வருடங்களாகத் தேநீர் குடிக்கிறேன். கடலால் வருபவர்களுக்குச் சீனி கூடப் போட்டுக் கொடுப்பார்; ஒரு கிலோ அவருக்கு ஒரு நாளைக்குக் காணாது. ஒரு நாள் பேச்சுவாக்கில், “எனக்கென்ன தம்பி வரி, அதெல்லாம் கந்தோர் ஆக்களுக்குத்தானே” என்றார். உங்கள் கடிதமும் அதையே சொல்கிறது. தானும் வரி கட்டுகிறேன் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வங்கியில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இறக்குமதியாகும் சீனிக்கு விசேட வர்த்தகப் பண்ட வரி என்று ஒன்று உண்டு. 2020 அக்டோபரில் அதைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். அந்தச் சலுகை இறக்குமதியாளரோடு நின்றுவிட்டது, சீனி வாங்கிய சனங்களுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் அப்போது எழுந்த பெரிய குற்றச்சாட்டு. பிறகு 2023 நவம்பரில் அதே வரியை 25 சதத்திலிருந்து மறுபடியும் 50 ரூபாயாக உயர்த்தினார்கள். சீனியின் விலையும் கூடவே ஏறியது. அந்த உயர்வுக்குப் பிறகு, ஒரு கிலோவுக்கு மேல் சீனியைக் கரைத்துத் தேநீர் விற்ற அந்த அக்கா, அடுப்பு மூட்டிய ஒவ்வொரு நாளும் குறைந்தது 50 ரூபாய் வரி கட்டியிருக்கிறார். கடைக்காரர் கொடுத்த துண்டில் ‘சீனி 1 கி.’ என்று மட்டும்தான் இருந்திருக்கும். சவர்க்காரத்திலும் கைபேசி ரீலோடிலும் அவர் கட்டும் பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். மாதம் 150,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் எடுப்பவருக்குத்தான் 2025 ஏப்ரலிலிருந்து வருமான வரி. அந்த அக்காவின் சீனிக்கு அப்படியொரு விலக்கு எல்லை கிடையாது. இலங்கை அரசின் வரி வருமானத்தில் பெரும்பகுதி இப்படிப் பொருள்களின் விலைக்குள் ஒளிந்து வரும் வரிகளிலிருந்துதான் சேர்கிறது. அப்படியிருக்க, நாட்டை ஓட்டுகிற அந்தச் சிலர் யார், தம்பி?

உங்கள் மச்சானுக்குக் கிடைக்கும் விபரத்திலும் இதே குறை இருக்கிறது. 2014இல் அங்கே அதை அனுப்பத் தொடங்கியபோது வருமான வரியையும் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பையும் மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். கடையில் கட்டும் வரி அதில் சேரவில்லை. நலன்புரி என்ற ஒரே தலைப்பின் கீழ் அரச ஊழியர் ஓய்வூதியத்தைக்கூடச் சேர்த்துவிட்டு, அதையே மிகப் பெரிய செலவாகக் காட்டினார்கள் என்று அங்கேயே கண்டித்தார்கள். எதை எந்தத் தலைப்பில் போடுவது என்று தீர்மானிப்பவர், வாசிப்பவர் யார்மேல் எரிச்சல்படுவார் என்பதையும் தீர்மானித்துவிடுகிறார். இங்கே அப்படியொரு தாள் வந்தால் வட்டிதான் முதலில் நிற்கும்: 2023இல் அரசு செலவிட்ட ஒவ்வொரு 100 ரூபாயிலும் 40 ரூபாய்க்கு மேல் கடன் வட்டிக்கே போனது. அந்த இடத்தில் ‘வட்டி’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால் உங்களுக்கு என்ன விளங்கும்? எந்தக் கடன், எதற்காக, யார் கையொப்பமிட்டது என்று கேட்க ஓர் இடம் வேண்டாமா?

எங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருந்தது. என் தகப்பனார் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தனாதிகாரி. வருடம் ஒருமுறை வேப்பமரத்தடியில், கம்பியில் குத்திவைத்த பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உரக்க வாசித்து, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். அது கைக்குக் கை மாறி, எண்ணெய்க் கறை படிந்து திரும்பி வரும். ஒரு வருடம், வாசிகசாலைக்கு வெள்ளையடித்த கணக்கை அவர் வாசித்தபோது, இரண்டு ரூபாய் சந்தா கட்டியிருந்த ஒரு விதவைத் தாய் எழுந்து, “மூண்டு பேணி சுண்ணாம்பு எண்டு வாசிச்சீங்கள், அந்தச் சுவருக்கு ரெண்டு காணுமே” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அன்றிரவு அரிக்கன் விளக்கின் வெளிச்சத்தில் கொப்பி முழுவதையும் திரும்பக் கூட்டினார். மூன்றாவது பேணி கிணற்றுக்கட்டுக்குப் போயிருந்தது; அதை அவர் எழுத மறந்திருந்தார். விடிந்ததும் திருத்திய கொப்பியோடு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா திண்ணையில் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் எழும்பினார்.

நம்மிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வருமான வரி கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கேட்பவர் இந்த நாட்டின் பிரஜையாக இருந்தால் போதும், எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இருந்த தெளிவு உங்கள் மனுவிலும் இருக்க வேண்டும்.

மனுவை அனுப்பிவையுங்கள், கையொப்பமிடுகிறேன். அதற்கு முன், ‘வருமான வரி செலுத்துவோருக்கு’ என்பதில் முதற்சொல்லை அடித்துவிடுங்கள். அடித்த பிறகு ஒரு பிரதியைத் திருக்கடலூருக்குக் கொண்டுபோய் அந்த அக்காவுக்கு வாசித்துக் காட்டி, அவருடைய கையொப்பத்தை முதலில் வாங்குங்கள்.