கழுத்தைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வருடமாக சர்ச்சில் அக்கூஸ்டிக் கிதார் வாசிக்கிறாள். இப்போது எலக்ட்ரிக் வேண்டும் என்கிறாள். 20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். விசாரித்ததில் தலை சுற்றுகிறது. ஒருவர் மஹோகனி மரமாகப் பாருங்கள் என்கிறார். இன்னொருவர் ஹம்பக்கர் இல்லாததைத் தொடவே கூடாது என்கிறார். பிராண்டுதான் எல்லாம் என்கிறார் கொயர் மாஸ்டர். நீங்கள் வாசிப்பவர் என்று எப்போதோ எழுதியிருந்தீர்கள். முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எனக்குக் கணக்கு தெரியும், இசை தெரியாது.

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

வாசிப்பவன் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. சாயங்காலம் அரை மணி நேரம் வீட்டாரைத் தொந்தரவு செய்கிறவன், அவ்வளவுதான். ஆனால் தப்பான கிதாரை வாங்கிய அனுபவம் உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன்: முதலில் நெக், அதாவது விரல்கள் ஓடும் அந்த நீளமான கழுத்து.

என் முதல் எலக்ட்ரிக் கிதாரை நிறத்துக்காக வாங்கினேன். பளபளவென்று சிவப்பு. கடையில் ஒரே ஒரு ஈ மைனர் கார்டு (chord, பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் பிடி) அடித்துப் பார்த்தேன், ஜம்மென்று இருந்தது. ஈ மைனருக்கு இரண்டாம் ஃபிரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) தாண்ட வேண்டியதில்லை, அதனால் குட்டு வெளிப்படவில்லை. வீட்டுக்கு வந்து மேலே போனால் கம்பி எங்கேயோ உயரத்தில் நிற்கிறது. அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்றிப்போய், கிதார் பரணுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து பாளையங்கோட்டையில் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கை நீளவாக்கில் பார்த்தார். நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற தண்டை ஆலன் கீயால் கால் சுற்று திருகினார், கம்பிகள் உட்காரும் பிரிட்ஜில் அவற்றை இறக்கினார். இருபது நிமிட வேலை. பரணில் கிடந்ததற்குக் காரணம் நாலு திருகாணிதான்!

ஆனால் நெக்கின் பருமனை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என் கைக்கு அது உலக்கை. கடைசியில் அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன், அவனுக்குக் கை பெரிசு.

அதனால்தான் சொல்கிறேன், ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றலாம், கம்பியை முறுக்கும் டியூனிங் கீயை மாற்றலாம், கம்பி எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். கைக்கு ஒட்டாத நெக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மகளையே கடைக்குக் கூட்டிப்போங்கள். பிளக் செய்யாமல், உட்கார்ந்து, பத்து நிமிடம் வாசிக்கட்டும். எஃப் என்ற கார்டை (chord) பிடிக்கட்டும். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் வகையில் கம்பியின் நீளம் 25.5 அங்குலம், கிப்ஸன் கம்பெனியின் லெஸ் பால் வகையில் ஏறக்குறைய 24.75. வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்தான், ஆனால் விரல் விரியும்போது தெரியும்.

உங்களால் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு, பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டே போதும். ஒரு கார்டின் கனம் 0.76 மி.மீ. பன்னிரண்டாம் ஃபிரெட்டில், மெல்லிய முதல் கம்பிக்குக் கீழே இரண்டு கார்டு சேர்த்து நுழைந்தால் சுமார் ஒன்றரை மி.மீ., நல்ல உயரம். மூன்று கார்டு தாராளமாகப் போனால் கடைக்காரரிடம் கம்பி உயரத்தைச் சரிசெய்து (செட்டப்) தரச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஃபிரெட்டாக எல்லாக் கம்பியையும் மீட்டச் சொல்லி, எங்காவது கரகரவென்கிறதா, ஒலி பொக்கென்று அடைக்கிறதா என்று கேளுங்கள். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மரம் சுருங்கி ஃபிரெட்டின் நுனி வெளியே நீட்டிக்கொள்வதுண்டு. மகளுக்குப் பழகிப்போயிருக்கலாம், உங்கள் கைக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

மஹோகனிக்கு வருவோம். நெல்லையப்பர் கோவில் இசைத்தூணைத் தட்டினால் கல்லே பாடும். எலக்ட்ரிக் கிதாரில் ஸ்பீக்கருக்குப் போவது மரத்தின் பாட்டு இல்லை. எஃகுக் கம்பியின் அதிர்வை பிக்கப்பில் இருக்கும் காந்தமும் செப்புக் கம்பிச்சுருளும் மின்சாரமாக்கி அனுப்புகின்றன. மரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லி யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் இந்த விலையில் அதைப் பற்றி யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பிராண்டும் அப்படித்தான். ஒரே மாடலில் இரண்டு கிதாரை எடுத்துப் பாருங்கள், ஒன்று கையில் உட்காரும், மற்றது உட்காராது.

ஹம்பக்கர் சொன்னவர் பாதி சரி. ஒற்றைச் சுருள் பிக்கப், சுற்றியிருக்கும் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த ‘ம்ம்ம்’தான் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். 1955-இல் கிப்ஸனில் சேத் லவர் என்ற பொறியாளர் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து, இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும்படி செய்தார். அதுதான் ஹம்பக்கர். டியூப் லைட்டும் சீரியல் செட்டும் எரியும் இடத்தில் வாசிக்கிற பெண்ணுக்கு அது ஒன்றாவது இருப்பது நல்லது. ஆனால் ஒற்றைச் சுருளின் அந்தத் தெளிவான கிணுகிணுப்புப் பிடித்துவிட்டால், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். அதை அவள் காதுக்கு விட்டுவிடுங்கள்.

இருபதாயிரத்தையும் கிதாரில் போடாதீர்கள். ஐந்தாறாயிரம் ஆம்புக்கு (ஒலிபெருக்கிப் பெட்டி) ஒதுக்குங்கள், காதில் விழப்போவது அதன் ஒலிதான். ஹெட்போன் மாட்டும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முழுப்பரீட்சை வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கிதாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. பழைய வீட்டில் எர்த் சரியில்லாமல், கம்பியில் கையும் மைக்கில் உதடும் பட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். லேசாக அடித்தால் அதிர்ஷ்டம். பிளக்கின் மூன்று பின்னை இரண்டாக்கிச் செருகுகிற வேலையே வேண்டாம். கிதார் வருவதற்கு முன் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டிலும் சர்ச்சிலும் எர்த் பார்த்துவிடுங்கள். அந்தக் கூலியை மட்டும் இருபதாயிரத்தில் கழிக்காதீர்கள், கணக்குத் தெரிந்தவர் நீங்கள்.