சோழவந்தான் பக்கம் எங்க தென்னை ஓலையெல்லாம் கறுத்துப்போச்சு, மருந்தடிக்கலாமா?

மருந்தை எடுக்காதீங்க. ஓலைக்கு அடியில் சுருள் சுருளா வெள்ளை மாவு தெரியுதா? அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பூச்சி. இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் தென்பட்டது. சாறு குடித்து அது கழிக்கிற தேன் போன்ற திரவம் கீழே வடியும். அதில் படருகிற பூசணம்தான் அந்தக் கறுப்பு. தோப்புக்குள் வாழை, கொய்யா நின்றால் அதன் இலையும் பிசுபிசுக்கும்.

இதுக்கு எமன் என்கார்சியா குளவி. குளவின்னு பேர்தான், எறும்புத் தலை அளவுகூட இருக்காது. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். உள்ளேயே வளர்ந்து வட்டமா ஓட்டை போட்டு வெளியே வரும். லென்ஸ் வைத்துப் பாருங்க, ஓட்டை இருந்தால் குளவி வந்தாச்சு. இல்லைன்னா, குளவி இருக்கிற தோப்பிலிருந்து ஓலைத் துண்டுகளைக் கொண்டுவந்து மட்டையில் செருகுங்க. மருந்தடித்தால் இதுவும் சேர்ந்து சாகும். கறுப்புக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதாவில் பசை காய்ச்சித் தெளிங்க; காய்ந்ததும் உரிந்து விழும்.